படங்களை வாங்குவோரும் படங்களை அறிவோரும்

2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கி ரைன் நதியைப் படம் பிடித்து, கரையில் தமக்கு இடையூறாகத் தோன்றிய கட்டடத்தைக் கணினியின் துணையால் அகற்றி உருவாக்கிய வண்ணப்படம் ஒன்று, நியூயார்க் நகரத்து ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அந்தச் செய்தி பல தேசத்துப் பத்திரிகைகளிலும் பிரசுரமாயிற்று. ஒரு புகைப்படத்துக்கு இத்தனை விலையா என்று வியந்தவர்களும் உண்டு, வெகுண்டவர்களும் உண்டு. ஆனால் ஓர் அருங்காட்சியகம் தன் புகைப்படச் சேகரிப்பின் நடுவே ஓர் இளம் அறிஞரை உட்கார வைத்து, இரண்டு ஆண்டுக் காலம் அவர் ஜீவனத்துக்கு வேண்டியதைக் கொடுத்து, பார்க்கவும் படிக்கவும் விசாரிக்கவும் எழுதவும் பணிக்குமானால், அந்தச் செய்திக்கு எந்தப் பத்திரிகையிலும் நாலு வரி இடம் கிடைப்பதில்லை. காப்பாட்சியர்களுக்கான இந்த நல்கையே, விலையுயர்ந்த படங்களை வாங்கிக் குவிப்பதைக் காட்டிலும் கலைக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்பதும், சமகாலப் புகைப்படத்தைப் பொறுத்தவரை அது ஒருநாளும் தாமதிக்கக் கூடாத உபகாரம் என்பதும் என் அபிப்பிராயம்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகள் உலகில் இல்லாமல் இல்லை. எஃகுத் தொழிலால் பெயர்பெற்ற குருப் குடும்பத்தின் அறக்கட்டளை, புகைப்படத்துக்கான அருங்காட்சியகக் காப்பாட்சியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஜெர்மனியில் 1999-இல் ஒரு நல்கைத் திட்டத்தைத் தொடங்கியது. அதைப் பெறுவோர் ஒரே கூரையின் கீழ் அடங்கிவிடாமல், எசன், மியூனிக், டிரெஸ்டன் முதலிய நகரங்களின் சேகரிப்புகளில் மாறி மாறிப் பயின்று, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலும் சில காலம் இருந்து வரவேண்டும் என்பது அதன் விதி. நியூயார்க் நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவிலும், பியூமாண்ட் நியூஹால், நான்சி நியூஹால் தம்பதியரின் பெயரால் ஒரு நல்கை உண்டு.

நல்கை பெற்றவர் அங்கே அன்றாடம் என்ன செய்கிறார் என்று கேட்டால், வெளியுலகம் கற்பனை செய்துகொள்வதைப் போல, வெள்ளைச் சுவரில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்பது அவர் வேலையில் மிகச் சிறிய பகுதிதான். பெட்டியைத் திறந்து, படத்தைத் திருப்பி, பின்புறத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பையும் அழிந்தும் அழியாமலும் கிடக்கும் முத்திரையையும் படித்து, அந்தப் பிரதி நெகட்டிவ் எடுத்த காலத்திலேயே போட்டதா அல்லது இருபது ஆண்டு கழித்து யாரோ போட்டதா என்பதைத் தாளின் தன்மையைக் கொண்டு நிதானித்து, கலைஞருக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தோடு அதனை ஒப்பிட்டு, காப்புரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, கிடைத்த விவரங்களையெல்லாம் பின்னால் வருவோர் நம்பத்தக்க வகையில் பதிவேட்டில் ஏற்றுவதே பெரும்பகுதி. இது பொறுமையைக் கேட்கும் வேலை. புகழைத் தராத வேலை. அந்தக் காரணத்தினாலேயே எந்த அருங்காட்சியகத்திலும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடப்படும் வேலை. நிரந்தர ஊழியர்களை அடுத்த கண்காட்சி துரத்துகிறது. நன்கொடையாளர்களுக்கு விருந்து வைக்கும் கடமை துரத்துகிறது. துரத்துவார் இல்லாத ஒரு மனிதரை அவர்கள் மத்தியில் வைப்பதுதான் நல்கையின் தாத்பரியம்.

புகைப்படக் காப்பாட்சியர் என்ற உத்தியோகமே வயதில் இளையது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நியூஹால் 1935-இல் அந்த நியூயார்க் அருங்காட்சியகத்தில் சேர்ந்தது நூலகராகத்தான். 1839 தொட்டு அன்றுவரை புகைப்படம் வளர்ந்த வரலாற்றைக் காட்டும் பெரிய கண்காட்சி ஒன்றை 1937-இல் அவர் அமைத்தார். அதற்கென்று எழுதிய விவர நூலே பின்னர் விரிந்து பெருகி, புகைப்பட வரலாற்றுக்கு மூலபாடமாக மதிக்கப்படும் நூலாயிற்று. 1940-இல் புகைப்படத்துக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டு, அதன் முதல் காப்பாட்சியராக அவர் அமர்ந்தார். உலகப் போரின் நிமித்தம் அவர் படையிற் சேர்ந்தபோது, 1942 முதல் 1945 வரை அந்தப் பிரிவை நடத்தியவர் அவர் மனைவி நான்சி. இருவருக்கும் இந்தத் துறையைக் கற்பித்த பள்ளிக்கூடம் என்று ஒன்றும் கிடையாது. படங்களின் நடுவே உட்கார்ந்திருந்ததும், படமெடுத்தவர்களோடு பழகியதுமே அவர்கள் பெற்ற கல்வி. இன்று அவர்கள் பெயரால் வழங்கும் நல்கை, அவர்களுக்குத் தற்செயலாக வாய்த்த அந்தக் கல்வியை, அடுத்த தலைமுறைக்குத் திட்டமிட்டு வாய்க்கச் செய்கிறது என்று சொல்ல வேண்டும். லண்டனிலே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1852-லேயே புகைப்படங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்க, அதே ஊரிலுள்ள டேட் கலைக்கூடம் புகைப்படத்துக்கென்று முதன்முதலாக ஒரு காப்பாட்சியரை நியமித்தது 2009-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், படங்கள் பெருகிய வேகத்துக்கும் அவற்றை அறிந்தவர்கள் பெருகிய வேகத்துக்கும் எத்தனை தூரம் என்பது விளங்கும்.

படத்தை அறிந்தவர் இல்லாமற்போனால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பதற்கு, பாரிஸ் நகரத்து யூஜீன் அட்ஜேயின் சரித்திரத்தைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடையாது. பழைய பாரிஸின் வாசற்படிகளையும் கடைவீதிகளையும் மரங்களையும் ஆளரவமற்ற முற்றங்களையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் படமெடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்று வயிறு வளர்த்த அந்த மனிதர் 1927-இல் இறந்தார். அவருடைய அந்திம காலத்தில் அவரோடு பழகிய அமெரிக்க இளம் புகைப்படக் கலைஞர் பெரனீஸ் ஆபட், அவர் விட்டுச்சென்ற தகடுகளையும் பிரதிகளையும் வாங்கி, கடல்கடந்து கொண்டுவந்து, நாற்பது ஆண்டுகள் கட்டிக் காத்தார். 1968-இல் அந்தச் சேகரிப்பு, சுமார் 5,000 பிரதிகளோடு, நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

அதன் பிறகுதான் உண்மையான சிரமம் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு தகட்டுக்கும் அட்ஜே ஓர் எண் இட்டிருந்தார். அந்த எண்கள் கால வரிசையைக் காட்டுவன என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இடித்தது. அவற்றின் உட்பொருளை ஆராய்ந்து, எந்தப் படம் எந்த வருஷத்தில், எந்த வரிசையில், என்ன நோக்கத்தோடு எடுக்கப்பட்டது என்பதை நிர்ணயிப்பதில் மரியா மாரிஸ் ஹாம்பர்க் என்ற இளம் ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் செலவிட்டார்; அவரும் புகைப்படப் பிரிவின் தலைவரான ஜான் சார்க்கோவ்ஸ்கியும் சேர்ந்து எழுதிய நான்கு தொகுதிகள் 1981 முதல் 1985 வரை வெளிவந்தன. எண்கள், விற்பனைக்கென விஷயவாரியாகப் பிரித்த தொடர்களைக் குறிப்பவை என்பது தெளிவாயிற்று. உயிரோடிருந்த காலத்தில் அட்ஜேயின் வீட்டுப் படியேறிப் போய் யாரேனும் கேட்டிருந்தால் ஒரு பிற்பகலில் கிடைத்திருக்கக் கூடிய விடை அது! ஆயினும் அந்த ஆண்டுகள் விரயமாகவில்லை. அந்தச் சேகரிப்போடு மல்லாடித் தேர்ச்சி பெற்ற ஹாம்பர்க், பின்னர் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1992-இல் தனித்துறையாக மலர்ந்த புகைப்படத் துறையின் முதல் தலைவரானார். ஒரு சேகரிப்பு ஓர் அறிஞரை உருவாக்க, அந்த அறிஞர் இன்னொரு நிறுவனத்தில் ஒரு துறையையே உருவாக்கினார். ஒருவருக்குக் கொடுத்த அவகாசம் இப்படித்தான் பல மடங்காகப் பலன் தருகிறது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். இறந்துபோன அட்ஜேக்கு ஆராய்ச்சி வேண்டும், சரி. கலைஞர் உயிரோடிருக்க, எடுத்த படத்தின் ஈரம் உலரு முன்னே, சமகாலச் சேகரிப்புக்கு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர்விரோதமானது: கலைஞர் உயிரோடிருக்கிறார் என்பதுதான் அவசரத்துக்குக் காரணம். இன்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் கிடைக்கும் விடைக்கு, நாளை ஒரு வாழ்நாளைச் செலவழித்தாலும் அநுமானமே மிஞ்சும்.

டொரத்தியா லாங் என்ற மாபெரும் புகைப்படக் கலைஞரின் கடைசி நாட்கள் இதற்குச் சாட்சி. தமக்குப் புற்றுநோய் என்பது 1964-இல் தெரிந்த பிறகு, அவர் எஞ்சிய தம் காலத்தைச் சார்க்கோவ்ஸ்கியோடு உட்கார்ந்து, வாழ்நாள் முழுதும் எடுத்த படங்களுள் எவற்றைக் காட்டுவது, எவற்றை விடுவது, எதனோடு எதனைச் சேர்ப்பது என்று ஆராய்வதில் கழித்தார். 1965 அக்டோபரில் அவர் காலமானார். கண்காட்சி 1966 ஜனவரியில் திறந்தது. அவர் கண்ணால் அதைக் காணவில்லை என்றாலும், அதில் இருந்த தேர்வு அவருடையது.

மறுபக்கத்தில் கேரி வினோகிராண்டின் கதையைப் பாருங்கள். தெருவில் நடமாடும் அமெரிக்காவை ஓயாமல் படமெடுத்த அவர், நோய் கண்ட சில வாரங்களிலேயே 1984-இல், 56 வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கழுவப்படாத பிலிம் சுருள்கள் சுமார் 2,500. கழுவியும் பிரதி போட்டுப் பார்க்கப்படாதவை சுமார் 6,500. இவை போக, பிரதி போட்டும் அவர் கைப்படத் தேர்ந்தெடுக்காமல் விட்டவை இன்னும் ஆயிரக்கணக்கில். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தச் சுருள்களைக் கழுவச் செய்து, அவற்றில் சிலவற்றை 1988-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் சேர்த்தது. அவை வினோகிராண்டின் படங்களா, வினோகிராண்டின் கேமராவில் கிடைத்த பிறர் தேர்வுகளா? ஷட்டரை அழுத்துவது மட்டும் புகைப்படக் கலையாகிவிடாது. ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை ஒதுக்குவதும் அந்தக் கலையின் சரிபாதி. அந்தச் சரிபாதியை அவரிடமிருந்து கேட்டுப் பதிந்துகொள்ள ஒருவரும் உரிய காலத்தில் அருகே அமர்த்தப்படவில்லை என்பதால், சார்க்கோவ்ஸ்கி போன்ற நுண்ணறிவு படைத்தவர்கூட ஊகத்தை நம்பவேண்டியதாயிற்று.

படமெடுத்தவரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். படத்தில் இருப்பவரை மறந்துவிடலாகாது. 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோ என்ற ஊரருகே, பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், குழந்தைகள் இருவர் தோளில் முகம் புதைத்திருக்க, கையால் கன்னத்தைத் தொட்டபடி எங்கோ பார்த்திருந்த ஒரு தாயை லாங் எடுத்த படம், அமெரிக்காவின் பொருளாதாரப் பெருமந்தத்துக்கே முகமாக நிலைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்கவில்லை. அவர் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், அவர் செரோக்கி என்ற ஆதிக்குடி வமிசத்தவர் என்பதும் உலகத்துக்குத் தெரியவந்தது 1978-இல், படம் எடுத்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை என்று அவர் மனம் கசந்தார். உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாக லாங் நினைவிலிருந்து எழுதியதை அவர் குடும்பத்தார் மறுத்தனர். எத்தனையோ சுவர்களில் தொங்கிய அந்தப் படத்தின் அடியில், இத்தனை காலம் எழுதியிருந்தது ஒரு மனுஷியின் பெயரல்ல, ஒரு நிலைமையின் பெயர். இன்றைய சேகரிப்புகளிலும் இப்படிப் பெயரற்றுக் கிடக்கும் முகங்கள் எண்ணிறந்தவை. அவர்களுள் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பெயரும் சம்மதமும் சொந்த வாய்மொழியும் பெற்று வருவதற்கு, நல்கை பெற்ற ஓர் இளைஞரைத் தவிர அருங்காட்சியகத்தில் வேறு யாருக்கு அவகாசம் இருக்கிறது?

ஸ்தூலமான பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லும் செம்பும் காத்திருக்கும். வண்ணப் புகைப்படம் காத்திராது. சாதாரண வண்ணப் பிரதிகளின் சாயம் வெளிச்சத்தில் மட்டுமன்றி இருட்டறையிலும் மெல்ல மெல்ல மங்குவது. குளிர்ந்த அறையில் வைத்தால் அந்த அழிவைத் தாமதப்படுத்தலாமே அன்றித் தடுக்க முடியாது. வில்லியம் எகிள்ஸ்டன் தம் படங்களுக்குக் கையாண்ட சாயமாற்று அச்சுமுறை நெடுநாள் நிறம் மாறாதது. ஆனால் அதற்கு வேண்டிய பொருள்களைச் செய்வதையே கோடக் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. இப்போது வரும் படைப்புகளோ கணினிக் கோப்புகளாகவே வருகின்றன. நிறம் மங்கிய பிரதியைக் கலைஞரே புதிதாகப் போட்டுக் கொடுத்தால் அது பழைய படைப்பா, புதியதா? பழையதை அழிக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா? கோப்பு எந்த வடிவத்தில் இருந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் திறக்கும்? எந்த அளவில் அச்சிட்டால் அது படைப்பு, எந்த அளவில் வெறும் நகல்? இவற்றுக்கெல்லாம் பொது விதி கிடையாது. ஒவ்வொரு கலைஞரிடமும் தனித்தனியே கேட்டு, எழுத்தில் வாங்கி வைப்பதுதான் வழி. வைத்தியன் இல்லாத ஊரில் மூலிகைத் தோட்டம் போட்டதைப் போல, இதைக் கேட்கத் தெரிந்தவர் இல்லாமல் கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய சேகரிப்பும் பயன்படாமல் வாடிப்போகும்.

காப்பாட்சியரின் கையிலுள்ள அதிகாரத்தையும் சிந்திக்க வேண்டும். நல்கை என்பது அறிவைப் புகட்டுவதோடு அடக்கத்தையும் புகட்டவேண்டும் என்று நான் கருதுவது அதனாலேதான். நியூஹாலுக்குப் பின் நியூயார்க் அருங்காட்சியகத்துப் புகைப்படப் பிரிவின் தலைமை ஏற்ற எட்வர்ட் ஸ்டைக்கன், 1955-இல் ‘மனிதக் குடும்பம்’ என்ற கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகள், 273 புகைப்படக்காரர்கள், 503 படங்கள். கண்டவர் தொகை உலகெங்கும் 90 லட்சத்தைத் தாண்டியது. லக்சம்பர்க்கில் உள்ள கிளர்வோ கோட்டையில் அது இன்றும் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது; 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. மானிட ஒருமைப்பாட்டை அத்தனை லட்சம் பேருக்கு உணர்த்திய அந்த முயற்சியின் மகிமையை யாரும் மறுக்க முடியாது. எனினும் தமக்கு வேண்டிய அளவில் படங்களைப் பெருக்கியும் நறுக்கியும், ஒவ்வொரு கலைஞரின் தனிக் குரலையும் தம் ஒரே பிரசங்கத்தின் சொற்களாக ஸ்டைக்கன் ஆக்கிவிட்டார் என்ற விமரிசனமும், பசியையும் போரையும் அவற்றின் சரித்திரக் காரணங்களிலிருந்து பிரித்து, பிறப்பு இறப்பைப் போல இயற்கையாக்கிக் காட்டினார் என்று பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த் கூறிய கண்டனமும் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல.

அவருக்குப் பின் வந்த சார்க்கோவ்ஸ்கியின் அதிகாரம் வேறு வகையானது. 1967-இல் டயான் ஆர்பஸ், லீ பிரீட்லாண்டர், வினோகிராண்ட் ஆகிய மூவரை ஒரே கண்காட்சியில் அவர் முன்னிறுத்தியதும், 1976-இல் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களுக்கு இடம் கொடுத்ததும் அமெரிக்கப் புகைப்படக் கலையின் திசையையே மாற்றின. அற்ப விஷயங்களின் சலிப்பூட்டும் படங்கள் என்று நியூயார்க் பத்திரிகைகளில் அன்று ஏளனம் செய்யப்பட்ட எகிள்ஸ்டன், இன்று வண்ணப் புகைப்படக் கலையின் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். ஒரு மனிதரின் ரஸனைக்கு இத்தனை வலிமை இருக்குமானால், அந்த மனிதர் எந்த வாசல் வழியாக வந்தார், எந்த வாசல் யாருக்கு அடைத்திருந்தது என்று கேட்பது நியாயந்தானே? அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர், பாதுகாப்பாளர், கல்வியாளர், தலைமை நிர்வாகிகள் ஆகிய பதவிகளில் இருந்தோரில் நூற்றுக்கு 84 பேர் வெள்ளையர், 4 பேரே கறுப்பினத்தவர் என்று மெல்லன் அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. யாரெல்லாம் படத்தின் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுள் ஒருசாரார் மட்டுமே படத்தைத் தேர்ந்தெடுக்கும் மேஜையின் பின்னால் அமர முடிகிறது என்றால், அது கலைக்கும் குறை, நீதிக்கும் குறை.

நல்கை இந்தக் குறையைத் தீர்க்கவும் கூடும், வளர்க்கவும் கூடும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நியூயார்க், லண்டன் போன்ற மாநகரங்களில் வாடகைக்கே போதாத தொகையைக் கொடுத்து, கௌரவம் கிடைக்கிறதே என்று திருப்திப்படச் சொல்லும் நல்கையை, தகப்பன் வீட்டுப் பணம் உள்ளவர்தான் ஏற்க முடியும். ஊதியமில்லாப் பயிற்சியாளர்களை அமர்த்தும் வழக்கத்தைக் கைவிடுமாறு அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கமே 2019-இல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. மேலும், நிரந்தரப் பதவியை ஒழித்துவிட்டு, அதே வேலையை ஆண்டுக்கொரு புதுமுகத்தைக் கொண்டு மலிவாக முடித்துக்கொள்வதற்கும் நல்கை என்ற அழகிய பெயர் திரையாகிவிடலாம். அப்படிப்பட்ட நல்கையைவிட நல்கை இல்லாமலிருப்பதே மேல்.

ஆகையால், நல்ல நல்கைக்கு இலக்கணம் என்ன என்பதைச் சொல்லிவிடுவது உசிதம். முதலாவது, அதன் காலம் இரண்டு ஆண்டுக்குக் குறையலாகாது. முதல் ஆண்டில் சேகரிப்பைப் பழகத்தான் நேரம் இருக்கும், பழகியவர் பயன் தருவது இரண்டாம் ஆண்டில். இரண்டாவது, அந்த ஊரில் குடும்பத்தோடு மானமாக வாழப் போதிய தொகை வேண்டும். மூன்றாவது, கண்காட்சிக்கு வந்த புகழ்பெற்ற படங்களை மட்டுமல்லாமல், கிட்டங்கியில் பெயர் தெரியாமல் கிடக்கும் பெட்டிகளையும், கலைஞர்களின் கடிதங்களையும், விலைச்சீட்டுகளையும், நிராகரித்த முடிவுகளின் பதிவுகளையும் பார்க்கும் உரிமை வேண்டும். நான்காவது, முடிவில் அவரிடம் கேட்கவேண்டியது ஒரு கண்காட்சியை அல்ல, ஒரு பதிவேட்டை. உயிரோடிருக்கும் கலைஞர்களையும் படத்தில் உள்ளவர்களையும் கண்டு எடுத்த நேர்காணல்களை. கண்காட்சி மூன்று மாதத்தில் கழன்று போகும், பதிவேடு தலைமுறைக்கு நிற்கும். ஐந்தாவது, பயின்று முடித்தவருக்கு அந்த நிறுவனத்திலோ அதன் தோழமை நிறுவனங்களிலோ ஒரு பதவி காத்திருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு ஆண்டு சேர்த்த ஞானம் வயிற்றுப்பாட்டைத் தேடி வேறு தொழிலுக்குப் போய்விடும்.

இந்த ஐந்தோடு ஆறாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும்: படம் எந்த மண்ணில் பிறந்ததோ அந்த மண்ணின் பாஷையும் பழக்க வழக்கங்களும் அறிந்தவருக்கு முதலிடம். பெங்களூருவின் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கி, வெளிநாடுகளிலும் காட்டிய தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அவரே பல வேஷங்கள் பூண்டு நிற்கிறார்: ஒன்றில் ரவிவர்மாவின் ஓவியப் பெண், ஒன்றில் மானிடவியல் ஆராய்ச்சிக்கென்று நிறுத்தி அளக்கப்பட்ட தோடப் பெண், ஒன்றில் வேளாங்கண்ணி மாதா, ஒன்றில் 1970-களின் தமிழ்த் திரைப்படத்துக் கதாநாயகி. நாள்காட்டிப் படத்தையும் சினிமாச் சுவரொட்டியையும் பார்த்து வளராத ஒருவர் அந்தத் தொடருக்குக் குறிப்பு எழுதினால், அதன் வெளிக்கோடு அகப்படலாம்; அதன் பரிகாசமும் பரிவும் அகப்படா.

நம் பக்கத்திலும் சேகரிப்புகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பெங்களூருவில் கலைக்கும் புகைப்படத்துக்குமான தனி அருங்காட்சியகம் 2023-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னையில் 2016 தொடங்கிப் புகைப்படத் திருவிழா நடந்துவருகிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி மின்னுருவாக்கிச் சேர்த்திருக்கிறது. ஆனால் படம் சேர்ந்த அளவுக்கு அதை அறிந்தவர் சேர்ந்திருக்கிறார்களா? காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் நம்மைப் படமெடுத்த ஊர்ப் புகைப்படக்காரர்களும், கடந்த ஐம்பது ஆண்டுப் போராட்டங்களையும் புயல்களையும் தேர்தல்களையும் பத்திரிகைகளுக்காகப் படமெடுத்தவர்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எந்த நெகட்டிவ் எந்த ஊரில் எடுத்தது, அதில் நிற்பவர் யார், அச்சிடாமல் ஒதுக்கியது ஏன் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கின்றன. எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எனவே, பல்கலைக்கழகங்களையும் அருங்காட்சியகத் துறையையும், கலைக்கென்று கொடையளிக்கும் செல்வர்களையும் நான் கேட்டுக்கொள்வது பெரிய மாளிகையும் அல்ல, புதிய சேகரிப்பும் அல்ல. ஏற்கெனவே இருக்கும் ஏதேனும் ஒரு புகைப்படச் சேகரிப்புக்கு, தமிழ் நன்கு அறிந்த ஓர் இளைஞரையோ யுவதியையோ தேர்ந்து, இரண்டு ஆண்டுக்குக் கௌரவமான ஊதியத்தோடு அமர்த்துங்கள். அவர் எழுதும் பதிவேட்டை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். முடிவில் அவருக்கு ஒரு பதவி கொடுங்கள். முதல் நல்கையை இந்த ஆண்டே அறிவித்தால், கேட்க வேண்டியவர்களுள் பலரை உயிரோடு கேட்டுவிடலாம்.